பெர்மிட் கணக்கு: 1967 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1967 பிப்ரவரி 1, புதன்கிழமை. சீனப் புத்தாண்டுக்கு இன்னும் எட்டே நாள். பழைய பாய், உடைந்த நாற்காலி, ஓட்டைப் பானை என்று வீட்டுக்கு வீடு வெளியே தள்ளும் நேரம். வருடத்திலேயே குப்பை அதிகம் சேரும் வாரம் என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்குத்தான் சிங்கப்பூரின் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 2,400 பேர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். எல்லாரும் நாட்சம்பளக்காரர்கள். தமிழர்கள் அவர்களில் ஏராளம்.

சங்கத் தலைவர்களைப் போலீஸ் பிடித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் தங்களைத் தாங்களே வேலையிலிருந்து நீக்கிக்கொண்டார்கள் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. திரும்ப வேலை வேண்டுமென்றால் நாளை வந்து விண்ணப்பிக்கலாம் என்றது. பத்தில் ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டு மாதத்தில் சங்கமே பதிவேட்டில் இல்லாமல் போனது.

இந்தப் பழைய கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் ஒரு கேள்வி. எங்கள் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நிர்வாகம் முடியாதுன்னு சொன்னா நம்ம சங்கத்தால என்னதான் செய்ய முடியும்?” சட்டப் புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, திருப்தி இல்லை. எனக்கும்தான். அப்புறம் யோசித்தபோது நினைவுக்கு வந்தது இந்தச் சம்பவம். சிங்கப்பூரில் தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே தராசு எந்த இடத்தில் சாய்ந்தது என்று காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

யார் இவர்கள்

தொழிற்சங்கம் என்பது இங்கே தமிழர்களுக்குப் புதிய சங்கதியே அல்ல. துறைமுகம், நகராட்சி, பிரிட்டிஷ் கடற்படைத் தளம், தபால் என்று இந்தியத் தொழிலாளர்கள் குவிந்திருந்த இடமெல்லாம் சங்கம் இருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தமிழர், 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூரின் தமிழ் முரசுகூட 1963-இல் தன் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் சில காலம் நின்றுபோனது. வேலைநிறுத்தச் செய்தி போடுகிற பத்திரிகையே செய்தியாகிப்போனது!

துப்புரவுத் தொழிலாளர்கள் முன்பு நகர மன்றத்தின் ஆட்கள். 1963-இல் நகர மன்றம் கலைக்கப்பட்ட பிறகு அரசாங்கத்தின் கீழ் வந்தார்கள். சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதாரப் பிரிவு அவர்களை வேலை வாங்கியது. விடியுமுன் எழுந்து, மண்டோர் (மேற்பார்வையாளர்) காட்டிய தெருவைக் கூட்டி, வண்டியில் அள்ளிப் போட்டு, அன்றைய கூலியை அன்றைய கணக்கில் எழுதிக்கொள்ளும் வாழ்க்கை. நாட்சம்பளக்காரர்களின் சங்கங்கள் பல சேர்ந்த ஒரு சம்மேளனம் இருந்தது. அதன் தலைவர் கே. சுப்பையா.

1966 அக்டோபரில் சுப்பையா அரசாங்கத்துக்குக் கெடு வைத்தார். 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து தீராமல் கிடந்த குறைகளைத் தீர்க்க வேண்டும், நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் கூட்ட வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஒரு வெள்ளி இன்று ஒரு தேநீருக்குக்கூடப் போதாது. அன்றைய நாட்கூலிக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

மேசையின் அந்தப் பக்கம்

பிரதமர் லீ குவான் இயூ சம்மேளனத் தலைவர்களை நேரில் சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி அவரே பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வென்றவர் எழுதியது என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம்.

1967-இல் சம்பள உயர்வு இல்லை, 1968-இல் வேண்டுமானால் யோசிக்கலாம் என்றார் லீ. அதோடு விடவில்லை. உங்கள் ஆட்களில் 7,000 பேர் இந்தியக் குடிமக்கள், அவர்களுக்கு இனி வேலை அனுமதி வேண்டும், வேலைநிறுத்தம் செய்தால் வேலை போய் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்.

சுப்பையா அசரவில்லை. அனுமதி வேண்டியவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான் என்றார். வேலைநிறுத்தம் நடக்கும் என்றார். சங்கம் உடையத்தான் வேண்டுமென்றால் அதை லீ குவான் இயூவே உடைக்கட்டும் என்றார். நீங்கள் பிரதமரானதே தொழிற்சங்கங்களால்தான், அதை மறந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்.

கடைசி வாக்கியம் வெறும் கோபப் பேச்சல்ல. 1952 மே மாதம் தபால்காரர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்ற இளம் வழக்கறிஞர்தான் லீ. அந்த வெற்றிதான் அவரை ஊரறியச் செய்தது. அதற்குப் பிறகு சங்கம் சங்கமாக அவரைத் தேடி வந்தது. பதினைந்து ஆண்டில் அதே மனிதர் மேசையின் மறுபக்கத்தில். சங்கத்தின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று சங்கத்துக்காக வழக்காடியவரைவிட யாருக்குத் தெரியும்?

எனக்கு இந்தச் சந்திப்பில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது அந்த எண்ணிக்கைச் சண்டைதான். ஏழாயிரமா, மூவாயிரமா? பேச்சு ஒரு வெள்ளியில் தொடங்கியது. முடிந்த இடம் பெர்மிட், அதாவது வேலை அனுமதி. சுப்பையா குறைத்துச் சொன்னாரே தவிர, அந்தக் கணக்கே செல்லாது என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியவில்லை. மூவாயிரம் என்று ஒப்புக்கொண்டாலே, வேலைநிறுத்தம் செய்த 2,400 பேரைவிட அது அதிகம்.

பெர்மிட் எங்கிருந்து வந்தது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானது. அந்த டிசம்பரிலேயே, குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அன்றைய வேலையின்மை ஏறத்தாழ 10 விழுக்காடு. இருக்கிற வேலை குடிமக்களுக்கு முதலில் என்பது அரசாங்கத்தின் வாதம். நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபது, முப்பது ஆண்டு இந்த ஊர்த் தெருவைக் கூட்டியவர்கூட ஒரே நாளில் ‘அனுமதிக்காரர்’ ஆகிவிட்டார்.

ஏன் அவர்கள் குடியுரிமை எடுக்கவில்லை? மனைவி மக்கள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருந்தார்கள். சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணம். எழுதப் படிக்கத் தெரியாத தயக்கம். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950-களில் இதே மக்களிடம் மன்றாடாத குறை: குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று எழுதியும் பேசியும் அலைந்தார். அதைப் பொதுவாகச் சமூகத் தொண்டு என்று சொல்கிறோம். என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் இந்த ஊரில் நடந்த மிகச் சிறந்த தொழிற்சங்க வேலை அதுதான். அன்று பதிந்துகொண்டவர் 1967-இல் மேசையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

மோதல் முற்றிய விதம்

1966 டிசம்பர் கடைசியில் துப்புரவுச் சங்கத்தின் ஒரு பிரிவில் திடீர் வேலைநிறுத்தம் நடந்தது. தொழில் அமைச்சர் தகராறைத் தொழில்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நீதிமன்றம். தகராறு அதன் கைக்குப் போய்விட்டால், தீர்ப்பு வரும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அதாவது கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது.

ஜனவரியில் பொதுச் சுகாதாரப் பிரிவு வேலைமுறையை மாற்றியமைத்தது. இந்த இடத்தில் நிர்வாகத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். பொது விடுமுறையில் வேலை செய்தால் மூன்று மடங்குக் கூலி. அதற்காகத் துப்புரவுத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு முன்னால் வேண்டுமென்றே குப்பையைத் தேங்க விட்டார்கள் என்பது லீயின் குற்றச்சாட்டு. நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடிப்படைக் கூலி குறைவாகவும் விடுமுறைக் கூலி மூன்று மடங்காகவும் இருந்தால் எவன்தான் அப்படிச் செய்ய மாட்டான்? ஒழுக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்கலாம்.

எப்படியோ, பிப்ரவரி 1 அன்று 2,400 பேர் இறங்கினார்கள். சுப்பையாவும் மேலும் 14 தலைவர்களும் சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு அழைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். தொழிற்சங்கப் பதிவாளர், உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று சங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பினார். அதே வேளையில்தான் சுகாதார அமைச்சின் அந்த அறிவிப்பும்: வேலை போய்விட்டது, வேண்டுபவர் நாளை வரலாம்.

மூன்று அடியும் ஒன்றாக விழுந்ததைக் கவனியுங்கள். சாதாரணத் தகராறில் நிர்வாகம் ஒரு கடிதம் எழுதும், சங்கம் ஒரு பதில் எழுதும், இடையில் இரண்டு பக்கமும் மூச்சு விட நேரம் கிடைக்கும். வேலைநிறுத்தத்தின் உயிரே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. குப்பை குவியக் குவிய, நாற்றம் ஏற ஏறத்தான் சங்கத்தின் கை ஓங்கும். சீனப் புத்தாண்டுக்கு எட்டு நாள் இருந்தது என்றேனே, அந்த எட்டு நாளும் சங்கத்தின் முதலீடு. ஒரே நாளில் அதைப் பறித்துவிட்டார்கள். தலைவர் போலீஸ் பிடியில். வெளியே நிற்பவருக்கு ஒரே கேள்வி: நாளைக் காலை வரிசையில் நிற்பதா, வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரர் நிற்கப் போகிறார் என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்?

இன்னொன்று. இந்தத் தகராறில் முதலாளி என்பது அரசாங்கம். வேலை கொடுப்பவரும் அவர், சட்டம் எழுதுபவரும் அவர், சங்கத்தைப் பதிபவரும் அவர், போலீஸும் அவருடையது, நாட்டில் இருக்க அனுமதி தருபவரும் அவரே. மேசையின் ஒரு பக்கத்தில் ஐந்து நாற்காலி, ஐந்திலும் ஒரே ஆள். தனியார் முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இதில் ஒரு நாற்காலிதான் அவருக்கு.

சுப்பையா தப்புக் கணக்குப் போட்டாரா? போட்டார் என்றுதான் சொல்வேன். சம்மேளனம் பெரியது, ஆனால் அன்று வெளியே வந்தது துப்புரவுச் சங்கம் மட்டும். தெருக் கூட்டும் வேலைக்கு வேறு ஆள் கிடைக்காத காலமும் அல்ல அது. பெர்மிட் மிரட்டலை வெறும் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது அநியாயமல்ல. அவரைப் பழைய காலத்து முரட்டுத் தலைவர் என்று எழுதிக் கடந்துபோவது எளிது. சங்கத்தை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதில் 1961-இலிருந்து தீர்க்கப்படாத குறைகளுக்கும் பங்கு உண்டு.

1968: தராசையே மாற்றியது

அடுத்த ஆண்டு நடந்ததைப் பார்த்தால் இந்த வேலைநிறுத்தத்தின் உண்மையான விலை புரியும். 1968 ஏப்ரல் தேர்தலில் மக்கள் செயல் கட்சிக்கு 58 தொகுதியும் கிடைத்தன. 51-இல் போட்டியே இல்லை. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போகின்றன, வெளிநாட்டு முதலீடு வந்தாக வேண்டும். ஆகஸ்டில் புதிய வேலைச் சட்டம் நடப்புக்கு வந்தது: வாரம் 44 மணி நேரம், பொது விடுமுறை 11 நாள், போனஸுக்கு ஒரு மாதச் சம்பளம் வரை உச்சவரம்பு. தொழில் உறவுச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆள் எடுப்பது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது, பணி ஒதுக்குவது, ஆட்குறைப்பு, பணிநீக்கம் எல்லாம் நிர்வாகத்தின் உரிமை. கூட்டு ஒப்பந்தப் பேச்சில் அவற்றைச் சங்கம் எழுப்பவே முடியாது.

1967 ஜனவரியில் பிரச்சினை கிளம்பியது எதனால்? வேலைமுறையை மாற்றியதால். யார் எந்தத் தெருவை எப்படிக் கூட்டுவது என்பதால். அது இனி பேசுபொருளே இல்லை. ஒரு வேலைநிறுத்தத்தைத் தோற்கடிப்பது வேறு, அது எந்தக் கேள்வியில் பிறந்ததோ அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது வேறு. 1961 ஜூலைக்கும் 1962 செப்டம்பருக்கும் இடையே 153 வேலைநிறுத்தங்கள் கண்ட ஊரில் 1969-இல் ஒன்றுகூட இல்லை.

பிறகு வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர் மலேசியாவிலிருந்து திரும்பி, 1969 நவம்பரில் என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) கருத்தரங்கு நடத்தி, தொழிற்சங்கம் இனி மோதலை விட்டுக் கூட்டுறவுக்கு வரவேண்டும் என்றார். காப்புறுதி, டாக்சி, பேரங்காடி என்று சங்கமே கடை திறந்தது. 1972-இல் தேசியச் சம்பள மன்றம் வந்தது. அரசாங்கம், முதலாளி, சங்கம் மூன்றும் ஒரே மேசை. முத்தரப்பு என்று இன்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேரங்காடியில் அரிசி விலை ஏறாமல் இருந்தது என் அம்மாவுக்கு நல்லதுதான். ஆனால் அது பேரம் பேசும் பலமா என்றால், இல்லை. அது வேறு வகை உதவி.

எதிர்ச் சான்று ஒன்று, உடன் சான்று இரண்டு

பெர்மிட்தான் தராசின் கல் என்று நான் சொன்னால், உடனே ஒருவர் 1986-ஐ எடுத்துக்காட்டுவார். எடுத்துக்காட்டட்டும். அந்த ஜனவரி 2-ஆம் தேதி, ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனத்தில் 61 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க உறுப்பினர்களை நிர்வாகம் பாரபட்சமாக நடத்தியது என்பது குற்றச்சாட்டு. இரண்டே நாளில் தீர்ந்தது, சங்கத்துக்குச் சாதகமாக. வெறும் 61 பேர்! 2,400 பேரால் முடியாதது எப்படி முடிந்தது? வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் ஓங் டெங் சியோங். என்டியுசியின் தலைமைச் செயலாளர், கூடவே துணைப் பிரதமர். அமைச்சரவையில் சொல்லாமலே ஒப்புதல் கொடுத்தேன், சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அவரே பின்னர் சொன்னார். அந்த ஐந்து நாற்காலியில் ஒன்று அன்று இரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான் ரகசியம். சங்கத்தின் பலம் என்று அதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது கடன் வாங்கிய பலம்.

2003-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள். தெருக் கூட்டுபவரைப்போல் நாளைக்கே மாற்றிவிட முடியாத ஆட்கள். சார்ஸ் காலத்துச் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்ட தங்கள் சங்கத் தலைமையை உறுப்பினர்களே வாக்களித்து இறக்கினார்கள். அரசாங்கம் தலையிட்டது. 2004-இல் சட்டம் திருத்தப்பட்டது. உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமலே சங்க நிர்வாகக் குழு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யலாம் என்றானது. தலைமையை மாற்றும் முயற்சிக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு விமானியின் நிரந்தரவாசத் தகுதி ரத்தானது. விமானியானாலும் பெருக்குபவரானாலும், கடைசியில் கேட்கப்பட்டது அந்தத் தாளைத்தான்.

2012 நவம்பர் 26-இல் எஸ்எம்ஆர்டி போக்குவரத்து நிறுவனத்தின் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் 88 பேர். மலேசிய ஓட்டுநர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு, தங்குமிடம் மோசம் என்பது குறை. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 29 பேரின் வேலை அனுமதி ரத்தாகி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். 1967-ஐப் படித்தவருக்கு வரிக்கு வரி தெரிந்த கதை.

அந்தத் தம்பிக்கு

துப்புரவு வேலைக்கே திரும்பி வருகிறேன். 2014 முதல் துப்புரவு நிறுவனம் உரிமம் பெற வேண்டுமானால், படிப்படியாக உயரும் சம்பள முறைப்படி உள்ளூர் ஊழியருக்கு மாதம் குறைந்தது 1,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்றானது. 2023 ஜூலையில் அது 1,570 வெள்ளி ஆனது. முத்தரப்பு மேசையில் சங்கமும் உட்கார்ந்து கொண்டுவந்தது இது. எவரும் தெருவில் இறங்கவில்லை, எவரும் சிறைக்குப் போகவில்லை. சுப்பையா கேட்ட ஒரு வெள்ளியோடு ஒப்பிட்டால் பெரிய காரியம்தான்.

ஆனால் ‘உள்ளூர்’ என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். குடிமகனும் நிரந்தரவாசியும் மட்டும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைக் காலை ஆறு மணிக்குக் கூட்டும் பங்களாதேஷ் ஆளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவர் சங்கத்தில் சேரலாம். ஆனால் அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் சங்கப் பொறுப்பில் உட்கார முடியாது. வேலை போனால் பெர்மிட் போகும். 1967-இல் தமிழர் நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார்.

போன மாதம் எங்கள் கிளை புதிய கூட்டு ஒப்பந்தத்துக்குத் தயாரானது. வழக்கமாக முதல் கூட்டத்தில் எத்தனை விழுக்காடு கேட்பது என்றுதான் அடித்துக்கொள்வோம். இந்த முறை அந்தத் தம்பியிடம் வேறு வேலை கொடுத்தேன்: உறுப்பினர் பட்டியலை எடுத்து, குடிமக்கள், நிரந்தரவாசிகள், பெர்மிட்காரர்கள் என்று மூன்றாகப் பிரித்து வா. இரண்டு நாளில் கொண்டுவந்தார். பெர்மிட்காரர்கள் பாதிக்கு மேல். அவர்களில் ஒருவர்கூடக் கிளைக் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதையும் அவரே ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். அடுத்த கூட்டத்தை அவர்கள் தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் வைக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். ஞாயிறு மாலை, சம்பளம் போட்ட வாரம் பார்த்து.